முப்பதுக்கு ரெண்டு

கொருக்குப்பேட்டை மாநகராட்சிப் பள்ளி,
சனிக்கிழமை, பதினோராம் வகுப்பு, பி பிரிவு.
பழைய பேனர் ஒன்றைத் தரையில் விரித்து
இடுப்போடு முடிந்துபோன ரப்பர் மனிதனைப்
படுக்க வைத்தேன்.
பேனரில் யாருக்கோ காதணி விழா.
அந்தக் குழந்தையின் சிரிப்புக்குப் பக்கத்தில்
இவன் வாய் திறந்து கிடந்தான்.

"சார், கால் எங்க சார்?"
"கேட்டுல போயிடுச்சுடா."
பின்வரிசை பதில். வகுப்பே சிரித்தது.
இந்தப் பக்கம் கேட் என்றால் ரயில்வே கேட்தான்.
எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் தாமதமாயிற்று.
ஒன்பது வருடம் 108-ன் பின்பக்கம் உட்கார்ந்து
நான் அதிகம் பார்த்தது அந்தக் கேட்டைத்தான்.

தோளைத் தட்டு. சத்தமாகக் கூப்பிடு.
மூச்சில்லையா, ஒருத்தரை போன் போடச் சொல்.
நெஞ்சு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகம்.
ரெண்டு அங்குலம் இறங்கணும்.
நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையாமல்
நூற்றிருபதைத் தாண்டாமல்.
எழுதிக்கொண்டார்கள்,
பரீட்சைக்கு வரும் என்பதுபோல.

இம்மானுவேல் ஃபுட்பால் ஆடுகிறவன்,
பதினைந்திலேயே முழங்கை மடங்கிவிட்டது.
ரப்பர் வாயில் வாய் வைக்க பர்கத்துக்கு வெட்கம்,
சட்டை நுனியால் மூன்று தரம் துடைத்தான்.

நிரோஷா துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள்.
கை நேராக நின்றது. தோள் கைக்கு மேலே.
அழுத்தினாள்,
முழுசாக மேலே வர விட்டாள்,
அழுத்தினாள்.
இதை நான் இன்னும் சொல்லியே கொடுக்கவில்லை.
"எங்க கத்துக்கிட்ட?"
"அடிபம்பு சார். காலையில பன்னெண்டு கொடம்.
பாதியில அமுக்குனா வராது,
கைப்பிடி மேல வந்தாதான் உள்ள ஊறும்."
"காத்துதான் வருதுன்னா?"
"வர்ற வரிக்கும் அடிக்கணும். வேற இன்னா பண்றது?"

கையேட்டில் இதற்கு ஒரு பத்தி உண்டு.
ஆங்கிலத்தில். ஆறு வரி.

டில்லிபாபு மட்டும் எழுந்து வரவில்லை.
மூன்று முறை கூப்பிட்டபின் வந்தான்.
முட்டி போட்டான். முப்பது.
நிறுத்து, இப்போ மூச்சு கொடு என்றேன்.
நிறுத்தவில்லை. நாற்பத்தைந்து. எழுபது.
பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு அணைந்தது.
காதணிக் குழந்தையின் கன்னத்தில்
அவன் வியர்வை சொட்டியது.

"சார், எங்க நைனாவுக்கு
தண்ணி தெளிச்சோம். கையில சாவிக்கொத்து குடுத்தோம்.
காலைத் தேய்ச்சோம். ஃபேனைக் கூட்டி வெச்சோம்.
தப்பா சார்?"

பள்ளிக்குப் பின்னால் கூட்ஸ் ஒன்று போனது.
அது முடியும்வரை யாரும் பேச முடியாது,
இங்கே எல்லோருக்கும் தெரியும்.
அவ்வளவு நேரம் எனக்குக் கிடைத்தது.
எந்தத் தெரு, என்ன தேதி என்று கேட்கவில்லை.
கேட்டால் அந்த ட்ரிப் ஷீட்டில்
என் கையெழுத்து இருந்துவிடலாம்.

"தெரிஞ்சதைப் பண்ணீங்கப்பா" என்றேன்.
"இப்போ இதுவும் தெரியும்."
போதாது. சொல்லும்போதே தெரிந்தது, போதாது.
அவன் தலையாட்டவும் இல்லை.
ரப்பர் மனிதனின் தாடையை உயர்த்தினான்,
மூக்கைப் பிடித்தான்,
ஒன்று. இன்னொன்று.
"ஏறுதுடா!"
கோல் விழுந்த குரலில் கத்தினான் இம்மானுவேல்.
நெஞ்சு ஏறித்தான் இருந்தது.

மத்தியானம் திரும்பும்போது கேட் போட்டிருந்தார்கள்.
மணலிக்குப் போகும் டேங்கர் வேகன்கள், கறுப்பாக, முடிவில்லாமல்.
லோகநாதன் என்ஜினை அணைத்தார்.
அந்தப் பக்கம் சந்து முனையில் ஒரு அடிபம்பு.
வேகன் இடைவெளிகளில்
ஒரு கைப்பிடி ஏறுவதும் இறங்குவதும்
துண்டு துண்டாகத் தெரிந்தது. யார் என்று தெரியவில்லை.

"எத்தனை பெட்டி போச்சு?" என்றார்.
முப்பது வரைக்கும் எண்ணினேன்.
அப்புறம், பழக்கதோஷம்,
ரெண்டு மூச்சு.
மறுபடி ஒன்றிலிருந்து.